கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்: வீட்டுப் பொருட்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை அம்மா கிழமைக்கு இரண்டு தடவையாவது எடுத்துவிடுவார். தேநீர் மேசையில் வழிந்தால் எனக்கு, போத்தல் மூடி திறபடாவிட்டால் மனைவிக்கு, தவறான சுவிட்சைத் தட்டினால் பிள்ளைகளுக்கு. கொழும்பில் நான்கு வாடகை வீடு மாறியவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: பல நேரம் கூடம் கோணல்தான்.

எது கோணல் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதே பிழையை வீட்டுக்கு வந்த விருந்தாளியும் விடுகிறாரா? விட்டால் குற்றம் பொருளில். ஒருவர் மட்டும் விட்டால், சரி, பழமொழியை அவருக்கே கொடுத்துவிடலாம். கீழே உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அதற்கு நேரே போங்கள். வரிசையாக வாசிக்கத் தேவையில்லை.

அறிகுறி: தேநீர் கோப்பைக்குள் போகாமல் கேத்தலின் கழுத்து வழியே மேசைக்குப் போகிறது

மெதுவாகக் கவனித்துப் பாருங்கள். கேத்தலை நன்றாகச் சரித்து வேகமாக ஊற்றும்போது தேநீர் வில்லாக வளைந்து கோப்பைக்குள் விழும். "போதும்" என்றதும் கையை மெதுவாக நிமிர்த்துவோம் அல்லவா, அந்த ஒரு நொடியில்தான் திருட்டு நடக்கிறது. வேகம் குறைந்த நீர் வாயின் விளிம்பில் ஒட்டி, அடிப்பக்கமாக மடங்கி, வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. வாய் தடிப்பாகவும் உருண்டையாகவும் இருந்தால் நீருக்கு மடங்குவது சுகம். மெல்லிய, கூரான விளிம்பில் மடங்க முடியாமல் அறுந்து விழும்.

இதற்குத் 'தேநீர்க் கேத்தல் விளைவு' என்று 1956இல் பெயர் வைத்தவர் மார்க்கஸ் ரைனர். பின்னர் ஜோசப் கெல்லர், வாண்டன் புரூக் என்ற இருவர், சிந்தாத கேத்தல் வாயை எப்படிச் செய்வது என்று கணக்குப் போட்டார்கள். 1999இல் அவர்களுக்குக் கிடைத்தது, சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு. அதே பரிசின் மறுபாதி, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்ப்பது எப்படி என்று ஆராய்ந்தவருக்குப் போனது. எங்கள் வீட்டுக் காலை நேரம் முழுவதும் அந்த ஒரே பரிசுக்குள் அடங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியது:

முதலில் கேத்தலை விளிம்புவரை நிரப்புவதை விடுங்கள். நிறைந்த கேத்தலைக் கொஞ்சம்தான் சரிக்க முடியும், அதனால் ஊற்றும் வேகமும் குறைவு. முக்கால் பங்கு போதும். ஊற்றி முடிக்கும்போது கையைச் சட்டென்று நிமிர்த்துங்கள். அப்போதும் வழிந்தால் வாயின் அடிப்பக்கத்தில், உள்ளே அல்ல, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயையோ பட்டரையோ விரலால் தடவுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் நீர் ஒட்ட மறுக்கும். ஒவ்வொரு முறை கழுவியதும் திரும்பத் தடவ வேண்டும் என்பதுதான் கரைச்சல்.

புதிதாக வாங்குவதென்றால் கடையிலேயே வாயை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு விரலில் கொஞ்சம் உறைத்தால் நல்லது, வழுவழுவென்று உருண்டிருந்தால் வையுங்கள் திரும்ப. ஊரில் அம்மம்மா வைத்திருந்த மூக்குப் பேணியின் நுனியும் ஒடுங்கி மெலிந்துதான் இருந்தது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் பேணி வழிந்தால் சட்டைதான் நனையும். அதைச் செய்தவருக்கு அந்தப் பயம் இருந்திருக்கும்.

அறிகுறி: எண்ணெய்க் கலன் 'குளுக், குளுக்' என்று துப்புகிறது

இது கலனின் பிழையும் அல்ல, பிடிக்கும் பக்கத்தின் பிழை. ஐந்து லீற்றர் கலனில் வாய் ஒரு ஓரமாக இருக்கும். அந்த வாய் கீழே வரும்படி சரித்தால் எண்ணெய் வாயை முழுதாக அடைத்துவிடும். உள்ளே காற்றுப் போக வழியில்லை. கொஞ்சம் எண்ணெய் வெளியே வரும், உள்ளே வெற்றிடம் இழுக்கும், காற்று ஒரு மிடறு உள்ளே பாயும், திரும்ப எண்ணெய். அந்த மிடறுதான் குளுக்.

கலனைத் திருப்பிப் பிடியுங்கள். வாய் மேல் ஓரத்தில் இருக்க வேண்டும். பார்க்கத் தவறான பக்கம் போலவே இருக்கும். எண்ணெய் வாயின் அடிப்பாதியால் அமைதியாக ஓடும், காற்று மேல்பாதியால் உள்ளே போகும். இதை முதல்முறை செய்து காட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவரும் அப்படியே ஊற்றினார்.

அறிகுறி: மூடி திறபடவே இல்லை

என்ன போத்தல் என்று முதலில் பாருங்கள், மருந்து வேறுபடும்.

புது ஜாம், ஊறுகாய் போத்தல் என்றால் எதிரி காற்றழுத்தம். சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் காற்று எல்லாவற்றையும் அமுக்குகிறது. 7 சென்ரிமீற்றர் மூடியின் பரப்பு 38 சதுர சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். உள்ளே பாதி வெற்றிடம் இருந்தாலே மூடியின்மேல் கிட்டத்தட்ட 20 கிலோ அரிசி மூட்டை ஏறி உட்கார்ந்தது போல. இதோடு மல்லுக்கட்டக் கூடாது. கரண்டியின் நுனியை மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து மெல்ல நெம்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், மூட்டை இறங்கிவிட்டது.

கித்துள் பாணிப் போத்தல் என்றால் எதிரி சீனி. போன முறை ஊற்றியபோது புரியில் வழிந்தது காய்ந்து பசையாகிவிட்டது. போத்தலைக் குப்புறப் பிடித்து மூடியை மட்டும் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். சீனி இளகும். அப்புறம் மூடும்போதெல்லாம் ஈரத்துணியால் புரியை ஒரு துடை. யாரும் செய்வதில்லை, நானும் செய்வதில்லை.

ஒன்றுக்குள் ஒன்று இறுகிய கண்ணாடிக் குவளைகளுக்கும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான்: உள் குவளையில் குளிர்ந்த தண்ணீர், வெளிக் குவளையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். உள்ளது சுருங்கும், வெளியது விரியும். கொதிதண்ணீர் வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். இழுக்க வேண்டாம், சுழற்றுங்கள்.

அறிகுறி: மேசை ஆடுகிறது

மட்டை மடித்து வைப்பதற்கு முன், மேசையை இருந்த இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். கால்பங்கு வட்டத்துக்குள் எங்கேயோ ஓரிடத்தில் நான்கு காலும் தரையைத் தொடும். மந்திரம் இல்லை. மேசை சதுரமாகவும் கால்கள் சமமாகவும் இருந்து, தரையும் வெடிப்பு, படி இல்லாமல் மெதுவாக ஏறி இறங்கினால் அப்படி ஒரு இடம் இருந்தே ஆக வேண்டும் என்று கணிதக்காரர்கள் நிறுவியிருக்கிறார்கள். இப்போது தொங்கும் கால், கால்பங்கு வட்டம் சுற்றியதும் அடுத்த காலின் இடத்துக்குப் போய்விடும். தொங்குவதிலிருந்து அமுங்குவதற்கு மாறும் வழியில் எங்கேயோ சரியாகத் தொடும் புள்ளியைக் கடந்துதான் ஆக வேண்டும்.

பம்பலப்பிட்டியில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் சிவப்புச் சீமெந்துத் தரையில் இது ஒவ்வொரு முறையும் பலித்தது. இப்போதைய மாடி வீட்டில் பலிப்பதில்லை. இங்கே ரைல்ஸ், ஒன்றுக்கொன்று இரண்டு மில்லிமீற்றர் உயரம் தாழ்வு. கால் அந்தப் படியில் ஏறினால் கணக்கு உடைந்துவிடும். அங்கே மட்டைதான் கதி.

சுற்றியும் எங்குமே நிற்காவிட்டால் மேசையைத் தட்டையான பலகைமேல் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆடினால் கால்தான் குட்டை. மூன்று கால் உள்ளது எந்தத் தரையிலும் ஆடாது. முக்காலி என்ற பெயரிலேயே காலை எண்ணி வைத்திருக்கிறார்கள். நாற்காலியும் அப்படித்தான். நாங்கள்தான் போர்த்துக்கேயரிடம் கதிரையையும் மேசையையும் வாங்கிக்கொண்டு எண்ணிக்கையைத் தொலைத்துவிட்டோம்.

அறிகுறி: பிளக் போகவில்லை, அல்லது போய் ஆடுகிறது

இந்த இடத்தை மட்டும் அவசரமில்லாமல் வாசியுங்கள்.

ஜேர்மனியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். இரண்டு உருண்டைப் பின் உள்ள போன் சார்ஜர். எங்கள் சுவரில் சதுர ஓட்டை மூன்று. அவர் ஒரு கணம் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார், மேல் ஓட்டைக்குள் நுழைத்து அழுத்தினார், கீழே சார்ஜரைச் செருகினார், பேனையை உருவினார். முப்பது வருடம் வெளிநாட்டில் இருந்தும் மறக்கவில்லை. கொழும்பில் இது தெரியாத வீடு குறைவு. பேனைக்குப் பதிலாகத் தீக்குச்சி, பல் தூரிகையின் வால், ஸ்குரூட்ரைவர்கூட.

ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது? சதுரப் பின் 13 அம்பியர் பிளக் 1947இல் வெளிவந்த பிரித்தானிய நியமத்தில் பிறந்தது. மேலே உள்ள எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளம். அது முதலில் உள்ளே போய், கீழ் இரண்டு ஓட்டைகளையும் மூடியிருக்கும் சிறிய கதவுகளைத் திறக்கும். பிள்ளை கம்பியை நுழைத்தாலும் மின்சாரத்தைத் தொட முடியாது. நல்ல வடிவமைப்பு. பேனையால் நாம் அந்தக் காவல்காரனை ஏமாற்றுகிறோம். உள்ளே போன மெல்லிய பின் இறுகப் பிடிபடாது. பிடிபடாத இடத்தில் சூடு, பொறி, கருகிய பிளாஸ்ரிக் வாசம்.

நம்முடைய சிக்கல் அந்த ஒரு வடிவத்தோடு முடியவில்லை. பழைய வீடுகளில் உருண்டைப் பின் 5 அம்பியர், பெரிய உருண்டைப் பின் 15 அம்பியர், புதியவற்றில் சதுரப் பின் 13. மூன்றும் ஒரே அறையில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுரப் பின் 13ஐயே நாட்டின் ஒரே நியமமாக்க முடிவெடுத்தது. ஆனால் சுவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

வழிமுறை இதுதான். வெளிநாட்டு இரண்டு பின்னுக்கு, பியூஸ் உள்ள சரியான மாற்றியை வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். வாங்கும்போது கையில் ஒரு பிளக்கைக் கொண்டுபோய்ச் செருகி, ஆட்டிப் பாருங்கள். கேத்தலை 5 அம்பியர் பொயின்ற்றில் எந்த மாற்றி போட்டும் செருகாதீர்கள். 230 வோல்ற்றில் 5 அம்பியர் என்றால் 1150 வாற்றுதான் தாங்கும், மின்சாரக் கேத்தல் பெரும்பாலும் 2000 கேட்கும். சதுர பிளக்கின் உள்ளே இருக்கும் சிறு பியூசையும் பாருங்கள். மேசை விளக்குக்கு 3 அம்பியர் போதும், கேத்தலுக்கு 13. தொட்டுப் பார்க்கும்போது பிளக் சுட்டால், நிறம் மாறியிருந்தால், இந்த வழிமுறையை மூடிவிட்டு எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

சதுர பிளக்கின் மற்றக் குணம் எல்லோருக்கும் தெரியும்: தரையில் போட்டால் பின் மேலே பார்க்கும்படி படுத்துக்கொள்ளும். இருட்டில் கால் வைத்தவருக்கு 1947 ஞாபகம் இருக்கும். மருந்து: கழற்றிய பிளக்கை வயரோடு மேசைமேல் வையுங்கள்.

அறிகுறி: எப்போதும் தவறான அடுப்பு பற்றுகிறது, தவறான விளக்கு எரிகிறது

மூன்று பேர்னர், முன்னால் மூன்று குமிழ். நடுக் குமிழ் சின்ன அடுப்புக்கா, பின் அடுப்புக்கா? தெரியாது. குமிழுக்கு மேலே இருந்த குட்டிப் படம் பாத்திரச் சவர்க்காரத்தில் கரைந்து போய்விட்டது. பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி நிறைய எழுதிய டொன் நோர்மன் அடிக்கடி எடுக்கும் உதாரணம் இந்த அடுப்புத்தான்: அடுப்புகள் நிற்கும் ஒழுங்கில் குமிழ்களும் நின்றிருந்தால் படமே தேவைப்படாது.

அடுப்பை மாற்ற முடியாது, நகப்பூச்சு இருக்கிறது. குமிழிலும் அதற்குரிய அடுப்பின் அருகில் உலோகத் தட்டிலும் ஒரே நிறத்தில் ஒரு பொட்டு. தீ படாத ஓரத்தில் வையுங்கள்.

வாசல் அருகே ஆறு சுவிட்ச் வரிசையாக இருக்கும் பலகைக்கு நிறம் உதவாது, இரவில் தெரியாதே. அதிகம் தேவைப்படும் ஒன்றின்மேல் மட்டும் சின்னத் துண்டு பிளாஸ்ரர் ஒட்டுங்கள். விரல் கண்டுபிடிக்கும். எல்லாவற்றிலும் ஒட்டினால் திரும்பவும் பழைய கதை. விருந்தாளிகள் "இது என்ன காயமா?" என்பார்கள், பரவாயில்லை.

அறிகுறி: சட்டைப் பை, சாரம், துப்பட்டா கதவுப் பிடியில் மாட்டுகிறது

கொக்கி போல் நீண்ட பிடி இடுப்பு உயரத்தில் இருந்தால் மாட்டத்தான் செய்யும். நுனி கதவுப் பக்கமாக வளைந்து திரும்பும் பிடியை வாங்கி மாற்றுங்கள், பழைய சோனகத் தெருவில் தேடலாம். அதுவரை சாரத்தை இறுக்கிக் கட்டுங்கள்.

அறிகுறி: சோபா வீட்டுக்குள் வரவில்லை

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. சோபா நீளம் 1.9 மீற்றர், ஆழம் 0.85. லிப்டிலிருந்து வாசலுக்குப் போகும் நடை 1.1 மீற்றர் அகலம், நடுவே செங்கோணத்தில் ஒரு திருப்பம். வாங்கும்போது நான் நடையின் அகலத்தை மட்டும் அளந்தேன், 0.85 சின்னது, 1.1 பெரியது, முடிந்தது. திருப்பத்தை அளக்கவில்லை.

இரு பக்கமும் ஒரே அகலமான நடைக்கு ஒரு கணக்கு உண்டு. நடை அகலத்தை 2.83ஆல் பெருக்கி, பொருளின் ஆழத்தின் இருமடங்கைக் கழியுங்கள். வருவதுதான் படுத்தபடி திரும்பக்கூடிய நீளம். எனக்கு 3.11இல் 1.7 போக 1.41 மீற்றர். சோபாவோ 1.9. கடைக்குப் போகுமுன் இதைப் போட்டிருக்க வேண்டும்.

நீள்சதுரம் அல்லாமல் எந்த வடிவமும் ஆகலாம் என்றால் திருப்பத்தில் போகக்கூடிய மிகப் பெரிய சோபா எது? லியோ மோசர் 1966இல் கேட்ட கேள்வி. 1992இல் கெர்வர் பழைய தொலைபேசியின் ரிசீவர் போன்ற ஒரு வடிவத்தைக் கொடுத்தார். நடையின் அகலம் 1 என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 2.2195. இதைவிடப் பெரியது இல்லை என்று கொரியரான ஜினியோன் பேக் 2024இல் நூறு பக்கம் தாண்டிய நிரூபணத்தை வெளியிட்டார். ஒரு சோபாவுக்கு ஐம்பத்தெட்டு வருடம்.

எங்கள் சோபாவுக்கு இருபது நிமிடம் எடுத்தது. புறக்கோட்டையிலிருந்து வந்த, சுமை தூக்கும் நாட்டாமிகள் இரண்டு பேர். நான் ரேப்பை நீட்டி நீட்டி அளந்துகொண்டிருந்தேன். மூத்தவர் சொன்னார்:

"அண்ணே, டேப்ப மடிச்சு வைங்க. கால மட்டும் கழட்டித் தாங்க."

கால்கள் நான்கும் புரியில் கழன்றன. சோபாவைக் கைப்பிடிப் பக்கம் கீழே வரும்படி நெட்டாக நிமிர்த்தினார்கள். நின்ற சோபா நடையில் அலுமாரி போல் நகர்ந்தது, திருப்பத்தில் அதைத் திருப்பவே தேவைப்படவில்லை, திசையை மட்டும் மாற்றித் தள்ளினார்கள். அடுத்தது வாசல், 80 சென்ரிமீற்றர். மேலிருந்து பார்த்தால் நின்ற சோபா 'ட' எழுத்துப் போல் இருக்கும், முதுகு ஒரு கோடு, இருக்கை ஒரு கோடு. முதுகை முதலில் உள்ளே விட்டு, கதவு நிலையை அந்த மூலைக்குள் வாங்கி, மெதுவாகச் சுழற்றினார்கள். இருக்கை பின்னாலேயே உள்ளே வந்தது. நிலையில் ஒரு கீறல்கூட இல்லை. சின்னவர் தண்ணீர் கேட்டார்.

அலுமாரிக்கு வேறு பொறி. படுக்க வைத்துப் பாகங்களைப் பூட்டிவிட்டு நிமிர்த்தும்போது கூரையில் இடிப்பது உயரம் அல்ல, மூலைவிட்டம். 2.1 மீற்றர் உயரம், 0.6 ஆழம் என்றால் நிமிரும் வழியில் 2.18 மீற்றர் கேட்கும். நின்றபடி பூட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: தேங்காய் துருவும் மெசின் குசினி மேசையில் வழுக்குகிறது

அடியில் ரப்பர் வாய் வைத்து உறிஞ்சிப் பிடிக்கும் வகை. 10 சென்ரிமீற்றர் வாய் முழு வெற்றிடத்தில் எழுபது, எண்பது கிலோ பிடிக்கும். ஆனால் ரைல்ஸ் இடைக் கோடு ஒன்று அடியில் ஓடினால் காற்று அதன் வழியே உள்ளே வந்து பூச்சியமாகிவிடும். ஒரே ரைல்ஸுக்குள் முழு வாயும் இருக்கும்படி வையுங்கள், ரப்பரை ஈரமாக்குங்கள். இடம் போதாவிட்டால் ஒரு கண்ணாடித் தகட்டையோ வழுவழுப்பான பலகையையோ அடியில் போட்டு, அதற்குக் கீழே ஈரத்துணி. இல்லாவிட்டால் உட்கார்ந்து துருவும் பழைய திருவலை. உட்காருபவரின் பாரமே பிடி, அது வழுக்கி நான் பார்த்ததில்லை.

அறிகுறி: குளித்த தண்ணீர் குழியைத் தவிர எல்லா இடத்துக்கும் போகிறது

மீற்றருக்கு ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் சரிவு குழியை நோக்கி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளிடம் ஒரு போளை வாங்கிக்கொள்ளுங்கள். தரை காய்ந்த பிறகு நான்கு மூலையிலும் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தவறென்றால் அந்த ரைல்ஸ் சிலதை உடைத்து மேசன் பாஸ் சரிவைத் திருத்திவிடுவார். நான்கும் தவறென்றால் தரை முழுக்க வேலை, வாடகை வீட்டில் அது நடக்காது. வாசலில் சின்னச் சீமெந்துத் தடை, கையில் வைப்பர், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் சோதனை செய்த அன்று அம்மாவும் வந்து நின்று பார்த்தார். குழியின் ஓரத்திலேயே வைத்த போளை ஒரு கணம் யோசித்தது. பிறகு முதுகைக் காட்டிவிட்டு, வாசலைத் தாண்டி, நடை முழுவதும் உருண்டு, அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

"இது உண்மையாவே கோணல்தான்," என்றார்.